வாயால் சொன்ன வீடு

ராஜபாளையம்
3-11-1901

அன்புள்ள அக்கா ரஹ்மத் பீவிக்குத் தங்கை மைமூன் சலாம். நானும் என் மாப்பிள்ளை இவர்களும் சுகம். வயிற்றுப் பிள்ளைக்கு ஐந்து மாதம், அதுவும் சுகம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மச்சானுக்காக நீங்கள் இத்தா இருக்கும் அறையில் காற்று வருகிறதா, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று எழுதுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை சாகுல் ஹமீது மச்சானை அடக்கம் செய்து இருபது நாள்கூட ஆகவில்லை. இந்த நேரத்தில் உங்களிடம் வீடு வாசல் பற்றிப் பேசுவது சரியில்லைதான். ஆனால் பத்திரம் எழுதும் சாகுல் ஹமீது மச்சான் இருந்தால் அவரைக் கேட்டிருப்போம். அவர் இல்லாதபோது, பதினாலு வருஷம் அவர் எழுதியதையெல்லாம் பக்கத்திலிருந்து கேட்ட உங்களை விட்டால் எங்களுக்கு யார்?

நாங்கள் வீடு வாங்கப் போகிறோம் அக்கா. இரண்டு அறை, ஓட்டுக் கூரை, பக்கத்து வீட்டோடு பொதுக் கிணறு. சௌந்தரபாண்டியன் என்பவருடையது. அவர் சேத்தூரில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறாராம். விலை இருநூற்று நாற்பது. இவர்கள் புளி, வத்தல் வாங்கி விற்று மூன்று வருஷமாகச் சேர்த்தது நூற்று ஐம்பத்தைந்து. அதில் இருபத்தைந்தை நேற்றே அச்சாரமாகக் கொடுத்துவிட்டார்கள். தை மாதம் முடிவதற்குள் மீதியைக் கொடுத்துக் கிரயம் முடிக்க வேண்டும். தவறினால் அச்சாரம் போய்விடும். சீட்டு ஏதும் எழுதவில்லை. அவர் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தாராம். இவர்களும் கையேந்தி அல்லாஹ்வைச் சாட்சி வைத்தார்களாம்.

"பயப்படாதட்டி, நல்ல மனுசன்" என்கிறார்கள். எனக்குத்தான் நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. என்ன செய்வது என்று எழுதுங்கள்.

தங்கை மைமூன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
9-11-1901

பிரியமுள்ள தங்கை மைமூனுக்கு அக்கா சலாம். அல்லாஹ் கிருபையால் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ பிள்ளைக்காரி, சோறு இறங்கவில்லை என்று இனிமேல் எழுதாதே. இறங்கும்வரை சாப்பிடு.

இருபத்தைந்து ரூபாயை வாயை நம்பிக் கொடுத்தீர்களா? அந்தக் கற்பூரம் எத்தனை நேரம் எரிந்தது என்று உன் மாப்பிள்ளை அய்யூபிடம் கேள். சௌந்தரபாண்டியன் நல்லவராகவே இருக்கட்டும். நல்லவர்களும் மறப்பார்கள், நல்லவர்களும் மரித்துப் போவார்கள். நாளைக்கே போய் ஒரு சீட்டு எழுதி வாங்கச் சொல். விலை, அச்சாரம், கெடு, வீட்டின் நான்கெல்லை எல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்த நான்கெல்லையை எனக்கும் எழுதி அனுப்பு. அரபு எழுத்தில் எழுதும் நம் அரபுத் தமிழிலேயே எழுது, வழியில் நாலு பேர் கையில் போனாலும் படிக்க மாட்டார்கள்.

இன்னொன்று. விலை இருநூற்று நாற்பது என்றால் உங்களுக்கு வேண்டியது இருநூற்று அறுபது. முத்திரைத்தாளுக்கும் பத்திரம் பதியும் ரிஜிஸ்தர் கச்சேரிக்கும் ஐந்து, கூரை மாற்றப் பதினைந்து. புதிதாக வீடு வாங்குகிறவர்கள் கடைசிக் காசையும் விற்றவன் கையில் கொடுத்துவிட்டு, முதல் மழைக்கு ஒழுகும் கூரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். உன் மச்சான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

என் நாலு மாதம் பத்து நாள் இத்தா பிப்ரவரி இருபத்தொன்றில்தான் முடிகிறது. அதுவரை நான் வாசல் தாண்ட முடியாது. உன் மச்சானின் அண்ணன், பெரிய மச்சான் சேக் முகைதீன், குடும்பத்தோடு முன்னறைக்கு வந்திருக்கிறார். நான் பின்னறைக்கு மாறிக்கொண்டேன். இங்கே சத்தம் குறைவு, ஓதுவதற்கு வசதி.

அக்கா ரஹ்மத் பீவி


ராஜபாளையம்
20-11-1901

மரியாதைக்குரிய மதினி அவர்களுக்கு அய்யூப் சலாம் கூறி எழுதுவது. எல்லோரும் சுகம். தங்கள் சுகத்துக்குத் துஆச் செய்கிறோம்.

தாங்கள் சொன்னபடி சீட்டு எழுதி வாங்கிவிட்டேன். "என்ன தம்பி, எம்மேல நம்பிக்கை இல்லையாக்கும்?" என்று சௌந்தரபாண்டியன் கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் வாங்கினேன். நான்கெல்லை: கிழக்கே தெரு, மேற்கே பொதுக்கிணறு, வடக்கே எண்ணெய்ச் செக்கு, தெற்கே குருசாமி வீட்டுச் சுவர்.

கையில் நூற்று முப்பது இருக்கிறது. மைமூனின் காசுமாலையை விற்றால் நாற்பது. தாங்கள் சொன்ன இருபதையும் சேர்த்தால் அறுபத்தைந்து குறைகிறது. புதுப்புளி வந்தால் சம்பாதித்துவிடுவேன். ஆனால் அது மாசிக்குப் பிறகுதானே வரும்? கடன் வாங்கினால் வட்டி, அது நமக்கு ஹராம். இதைச் சொன்னதும் அவரே ஒரு வழி சொன்னார். "மீதிய ஒரு வருசம் கழிச்சுக் குடுங்க. வட்டியே வேண்டாம். அதுவரைக்கும் மாசம் ஒரு ரூவா வீட்டு வாடகையாக் குடுத்துட்டு இருங்க, அம்புட்டுதான்" என்றார். பெரிய மனது. சரி என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். தங்கள் யோசனை வேண்டும்.

அய்யூப்


ஸ்ரீவில்லிபுத்தூர்
28-11-1901

தம்பி அய்யூபுக்கு ரஹ்மத் பீவி சலாம். சுகம். மைமூனைத் தண்ணீர்க் குடம் தூக்க விடாதே.

வாங்கின வீட்டுக்கு வாங்கினவனே வாடகை கொடுப்பானா தம்பி? ஆட்டுக்கு மாட்டுத் தோலைப் போர்த்தினால் அது பால் அதிகமாகக் கறக்குமா? அந்த ஒரு ரூபாய் வட்டிதான். பேரை மாற்றி வைத்திருக்கிறார்.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. பதறாமல் படி. உன் மச்சான் எழுதிய பத்திரத்துக்கெல்லாம் ஒரு நகல் புத்தகம் வைத்திருப்பார். நீ அனுப்பிய நான்கெல்லையை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. மூன்று நாளாகப் புரட்டினேன். தொண்ணூற்றெட்டாம் வருஷத்துப் புத்தகத்தில் அகப்பட்டது. அதே தெரு, அதே கிணறு, அதே செக்கு, அதே குருசாமி சுவர். தேவதானத்து ஆண்டிச்சாமியிடம் எண்பது ரூபாய்க்கு அந்த வீட்டை அடமானம் வைத்திருக்கிறார் சௌந்தரபாண்டியன். ரிஜிஸ்தர் ஆன பத்திரம். மீட்டாரா என்று எனக்குத் தெரியாது. கச்சேரியில் பணம் கட்டி வில்லங்கம் பார்.

மீட்காமல் இருந்தால் சண்டை போடாதே. வீட்டை விட்டுப் போகிறவருக்கு அவமானமும் சேர வேண்டாம். ஆண்டிச்சாமிக்குச் சேர வேண்டிய எண்பதை விலையில் பிடித்து, கச்சேரியில் வைத்து நீயே அவர் கையில் கொடுத்து அடமானப் பத்திரத்தைத் திருப்பி வாங்கு. மறைத்ததற்கு விலையில் கொஞ்சம் இறக்கச் சொல். இறக்குவார்.

நகல் புத்தகங்களை இனி நான் பார்க்க முடியாது. பெரிய மச்சான் அவற்றைக் கட்டி எடுத்து வைத்துவிட்டார். நல்லவேளை, அதற்கு முன்பே அகப்பட்டது.

ரஹ்மத் பீவி


ராஜபாளையம்
13-12-1901

அன்புள்ள அக்காவுக்கு மைமூன் சலாம். நேற்று முதல் நோன்பு. உங்களை ஸஹர் சோற்றுக்கு விடியுமுன் எழுப்ப ஆள் இருக்கிறதா? மச்சான்தானே எழுப்புவார்கள்.

நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. வில்லங்கத்தில் எண்பது ரூபாய் அப்படியே இருந்தது. இவர்கள் சத்தம் போடாமல் காகிதத்தைக் காட்டினார்களாம். சௌந்தரபாண்டியன் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தாராம். அவர் சம்சாரம் வெள்ளத்தாய்தான், "மக கல்யாணத்துக்கு வச்சதுய்யா. சொன்னா விலை போகாதுன்னு பயந்துட்டாவ" என்று அழுதாளாம். பதினைந்து ரூபாய் இறக்கிவிட்டார்கள். அந்தப் புத்தகம் இல்லையென்றால், குடியேறின பிறகு ஆண்டிச்சாமி வந்து கதவைத் தட்டியிருப்பார்.

ஆனாலும் ஐம்பது ரூபாய் குறைகிறது. தை முடிய இரண்டு மாதம். இப்போது இருக்கும் வாடகை அறையையும் மாசியில் காலி செய்யச் சொல்கிறார்கள். பிள்ளைச் சத்தம் ஆகாதாம். பிறக்கப்போகும் பிள்ளையை எங்கே போட்டுத் தாலாட்டுவேன் என்றே எந்நேரமும் யோசனை.

வண்டிக்கார வேல்சாமி போன வாரம் உங்கள் தெருவில் சரக்கு இறக்கினாராம். உங்கள் வீட்டு முன்கதவில் புதுப்பூட்டு தொங்குகிறது, யாரோ கயிறு பிடித்து வீட்டை அளந்தார்கள் என்றார். என்ன அக்கா அது?

தங்கை மைமூன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
22-12-1901

தங்கை மைமூனுக்கு அக்கா சலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறது. ஸஹருக்கு நானே எழுந்துகொள்கிறேன், தூக்கம் வந்தால்தானே எழுப்ப ஆள் வேண்டும்.

வேல்சாமி கொண்டுவரும் அரிசிப் பைக்குள் துணியில் முடிந்து ஐம்பது ரூபாய் வைத்திருக்கிறேன். என் வளையல் இரண்டை ஆள் விட்டு விற்றேன். இத்தாவில் நகை போடக் கூடாது, முடிந்த பிறகும் எனக்கு எதற்கு? கடன் என்று நினைக்காதே.

ஒரே ஒரு நிபந்தனை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வீட்டை உன் பேரில் எழுத வேண்டும். கல்யாணத்தில் பேசி அய்யூப் உனக்குத் தரவேண்டிய மஹர்த் தொகைக்காக இந்த வீட்டைத் தருவதாகப் பத்திரத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். "வாயால சொன்னாப் போதாதா" என்று கேட்டால், போதாது என்று அக்கா சொன்னதாகச் சொல். காலில் விழுந்தாவது எழுதி வாங்கு.

பூட்டு பழசாகிவிட்டது, மாற்றினார்கள். பழைய வீடென்றால் அளப்பார்கள்தான்.

அக்கா ரஹ்மத் பீவி


ராஜபாளையம்
2-1-1902

மதினி அவர்களுக்கு அய்யூப் சலாம். யாவரும் சுகம்.

பணம் வந்து சேர்ந்தது. முடிச்சைக்கூட நான் அவிழ்க்கவில்லை. மனதில் உள்ளதை மறைக்காமல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மைமூனை நான் தெருவில் விடப்போகிறேன் என்று தங்களிடம் யார் சொன்னது? மூன்று வருஷமாக வெயிலில் சேத்தூருக்கும் தேவதானத்துக்கும் நடந்து மூட்டை சுமந்தவன் நான். வீடு என் பேரில் இருந்தால் அவள் பேரில் இருப்பதாக ஆகாதா? மஹர் என் பொறுப்பு, அவள் கேட்டால் எப்படியாவது கொடுப்பேன். கடைத்தெருவில், "பொண்டாட்டி வீட்டுல குடியிருக்கான்" என்று பேசுவார்கள். கணவனை நம்பாதே என்று ஒரு அக்கா தங்கைக்குச் சொல்லிக் கொடுக்கலாமா? சாகுல் ஹமீது மச்சானைத் தாங்கள் அப்படித்தான் நம்பாமல் வாழ்ந்தீர்களா?

வேறு வழி பார்த்துக்கொள்கிறேன். தங்கள் பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன்.

அய்யூப்


ராஜபாளையம்
18-1-1902

அக்காவுக்கு மைமூன் சலாம். சுகமா? பெருநாள் போய் ஒரு வாரமாகிறது, உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை.

இவர்கள் எழுதிய கடிதத்தை நான் பிறகுதான் படித்தேன். கோபத்தில் எழுதிவிட்டு, எழுதியதற்காக ஒழுங்காகச் சாப்பிடாமல் திரிகிறார்கள். உங்கள் முடிச்சு பானைக்குள் அப்படியே இருக்கிறது. வேறு வழி ஒன்றும் அகப்படவில்லை. வேறொரு ஆள் இருநூற்று ஐம்பதுக்குக் கேட்கிறானாம். கெடு தப்பினால் அவனுக்குத்தான் என்று சௌந்தரபாண்டியன் சொல்லிவிட்டார். இன்னும் இருபத்து நாலு நாள்தான். விரல் விட்டு எண்ணி எண்ணி விரலே தேய்ந்துபோகும் போலிருக்கிறது.

ஆனால் அக்கா, எனக்கு இப்போது வீட்டைவிட உங்களைப் பற்றித்தான் பயம். நேற்று வேல்சாமியை உங்கள் வீட்டில் விசாரித்துவரச் சொன்னேன். பெரிய மச்சான் வீட்டு மதினி கதவைப் பாதி திறந்து, "அது இத்தா முடிஞ்சதும் ஊருக்குப் போயிரும். அதுக்குப் பொறவு இங்க வந்து கேக்காதீரும்" என்றாராம். எந்த ஊருக்கு அக்கா? வாப்பாவும் உம்மாவும் போன பிறகு உங்களுக்கு அந்த வீட்டை விட்டால் ஊர் ஏது? என்னிடம் எதையோ மறைக்கிறீர்கள். உண்மையை எழுதாவிட்டால் வண்டியேறி வந்துவிடுவேன், வயிறும் பிள்ளையும் என்ன ஆனாலும் சரி.

மைமூன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
25-1-1902

தங்கை மைமூனுக்கு அக்கா சலாம். வண்டியேறாதே. சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை அய்யூபுக்குக் காட்டாதே, அது மட்டும் என்மேல் சத்தியம்.

இந்த வீடு உன் மச்சான் சம்பாதித்து வாங்கியது. ஆனால் பத்திரம் அண்ணன் பேரில். அண்ணன் இருக்கத் தம்பி பேரில் எழுதுவது மரியாதை இல்லை என்று நினைத்தார். பிறகு மாற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்கவும் கூச்சம். என்னிடம், "ஒன் மஹருக்கு இந்த வீடுதான் புள்ள. அண்ணனுக்கும் தெரியும்" என்று சொன்னார். பதினாலு வருஷத்தில் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். ஊரில் பாதிப் பேருக்கு எழுதிக் கொடுத்தவர், எனக்கு வாயால் சொன்னார். நான் அவரை அப்படித்தான் நம்பி வாழ்ந்தேன் என்று உன் மாப்பிள்ளைக்குச் சொல்ல முடிந்தால் சொல்லியிருப்பேன்.

அன்று உன் மச்சானைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டியைத் தூக்கும் முன்னால், மஹர்க் கடனோடு மய்யித்தை அடக்கத்துக்கு அனுப்பக் கூடாது, மன்னித்தேன் என்று சொல்லச் சொல்லுங்கள் என்றார் பெரிய மச்சான். வழக்கம்தானே. எந்தப் பெண் அந்த நேரத்தில் மன்னிக்க மாட்டேன் என்பாள்? திரைக்குள் இருந்து சொன்னேன். அழுகையில் சத்தம் வரவில்லை. "கேக்கலை, சத்தமாச் சொல்லுங்க" என்று வெளியிலிருந்து ஒரு குரல். சத்தமாகச் சொன்னேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

நாற்பதாம் நாள் கழிந்ததும் வீட்டைப் பற்றிக் கேட்டேன். "மஹருக்கு வீடுன்னு தம்பி சொன்னது நெசந்தான். அந்த மஹரத்தான் நீயே மன்னிச்சுட்டியேம்மா" என்றார் பெரிய மச்சான். அவர் கெட்டவர் இல்லை, ஐந்து வேளை தொழுகிறவர். சொன்ன சொல்லை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். இத்தா முடியும்வரை இருந்துகொள்ளச் சொல்லியிருக்கிறார். அவர் தம்பிக்கென்று மிஞ்சியது ஒரு மைக்கூடும் இரண்டு பேனாவும். அதில் எனக்குக் கால் பங்கு வருமாம். மைக்கூட்டை எப்படி நாலாக உடைப்பது என்று கேட்டேன், சிரிக்கவில்லை.

தென்காசியில் மாமி மகள் வீட்டில் நெல் குத்த ஆள் வேண்டுமாம். போகிறேன். உங்கள் வீட்டுக்கு வருவேன் என்று எதிர்பார்க்காதே. ஐம்பது ரூபாய் கொடுத்து இடம் பிடித்தாள் என்றாகிவிடும். எனக்குப் பயமாக இருக்கிறது மைமூன். பதினாலு வருஷம் கூட்டிப் பெருக்கிய இடத்தில் நடக்கும்போதுகூட, பிறர் வீட்டில் நடப்பது மாதிரி கால் கூசுகிறது. உனக்கு இது வரக் கூடாது என்றுதான் அப்படி எழுதினேன். அய்யூப் நல்ல பிள்ளை. உன் மச்சானும் நல்லவர்தானே.

அக்கா


ராஜபாளையம்
8-2-1902

மதினி அவர்களுக்கு அய்யூப் சலாம்.

காட்டக் கூடாது என்று தாங்கள் எழுதிய கடிதத்தை மைமூன் காட்டிவிட்டாள். அவளைக் கோபிக்காதீர்கள். மூன்று நாள் என்னிடம் பேசாமல் இருந்தாள். நான் கெஞ்சிய பிறகு கடிதத்தை என் முன்னால் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்தக் குரல் யாருடையது என்று தாங்கள் எழுதவில்லை. தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நான்தான். பெரிய மச்சான் என்னைத்தான் சாட்சியாகத் திரைக்கு வெளியே நிறுத்தினார். நல்ல காரியம் செய்கிறோம் என்று நினைத்துத்தான் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். எதைச் சொல்லச் சொல்கிறேன் என்று தெரியாமல் சொன்னேன் மதினி. பிறகு அதே தங்களைப் பார்த்து, மச்சானை நம்பாமல் வாழ்ந்தீர்களா என்றும் எழுதிவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் நா கூசுகிறது. மன்னிப்பைக் கேட்டு வாங்கி ஏற்கனவே ஒரு வீட்டைப் பிடுங்கியாகிவிட்டது.

முந்தாநாள் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கச்சேரியில் கிரயம் முடிந்தது. கெடுவுக்கு ஐந்து நாள் முன்னதாகவே முடித்துவிட்டேன். ஆண்டிச்சாமிக்கு எண்பதும் என் கையால் கொடுத்து அடமானப் பத்திரத்தை வாங்கிக் கிழித்தேன். தங்கள் தெரு வழியாகத்தான் திரும்பினேன். இத்தா இருப்பதால் வாசலில் நின்றுவிட்டு வந்தேன்.

பத்திரத்தின் நகல் இதோடு இருக்கிறது. வீட்டை இரண்டு பேர் பேரில் எழுதியிருக்கிறேன். கிழக்கறையும் அடுப்படியும் மஹருக்காக மைமூன் பேரில். கிணற்றுப் பக்கத்து மேற்கறை, ஐம்பது ரூபாய் கிரயத்துக்கு, காலஞ்சென்ற சாகுல் ஹமீது மனைவி ரஹ்மத் பீவி பேரில். தானமில்லை, கடனுமில்லை. தங்கள் பணத்துக்குத் தங்கள் அறை. எழுதியவர் முனகலாக வாசித்தார். "கேக்கலை, சத்தமா வாசிங்க" என்றேன். கச்சேரி முழுவதும் கேட்கும்படி வாசித்தார்.

கடைத்தெருவில் பேசட்டும். தென்காசிக்குப் போக வேண்டாம்.

அய்யூப்


ஸ்ரீவில்லிபுத்தூர்
12-2-1902

தங்கை மைமூனுக்கும் தம்பி அய்யூபுக்கும் ரஹ்மத் பீவி சலாம். இருவரும் சுகமாக இருங்கள். மைமூனுக்கு எட்டு மாதம் ஆகிறது, வெந்நீரில் குளிக்கச் சொல் தம்பி.

நகலை நாலு தடவை வாசித்தேன். எழுத்து சுமார்தான், உன் மச்சான் எழுத்துக்குப் பக்கத்தில் வராது. ஆனால் வரி பிசகவில்லை. என் பேர் வந்த இடத்தில் நின்று அழுதேன். நாலு மாதத்தில் அவருக்காக இல்லாமல் எனக்காக அழுதது அன்றுதான்.

தம்பி, அந்தக் குரலை அன்றைக்கே அடையாளம் தெரிந்தது. உன்மேல் வருத்தம் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இப்போது இல்லை.

இருபத்திரண்டாம் தேதி காலையில் வேல்சாமி வண்டியை அனுப்பு. என்னிடம் ஒரு பெட்டியும் மைக்கூடும்தான். மைக்கூட்டை உடைக்காமலே கொடுத்துவிட்டார்கள். கூரைக்கு வைத்த பதினைந்து ரூபாயில் கை வைக்காதீர்கள். மேற்கறைச் சுவரில் ஒரு ஆணி மட்டும் அடித்து வை.

மைமூன், நான் வண்டியை விட்டு இறங்கும்போது நிலைப்படியில் நின்று "வாங்க அக்கா" என்று சொல்லாதே. வீட்டுக்காரியை யாராவது வாங்க என்று அழைப்பார்களா? நீ உன் வேலையைப் பார். நான் பாட்டுக்கு உள்ளே வருகிறேன்.

அக்கா ரஹ்மத் பீவி